பைபிள் பட்டம்: பதினோரு வருடம் கழித்து

போன வாரம் ஒரு தம்பி செய்தி அனுப்பியிருந்தான். "அண்ணா, பள்ளி முடிச்சிட்டேன். நீங்க படிச்ச அந்த பைபிள் டிகிரியையே நானும் எடுக்கலாமா?"

'வேண்டாம்' என்று அடித்தேன். அழித்தேன். 'கண்டிப்பா எடு' என்று அடித்தேன். அதையும் அழித்தேன். பட்டம் வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது, இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல இன்னும் எனக்கு வரவில்லை.

கிறிஸ்தவ லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் இறையியல் இளங்கலை என்றால் என்னென்ன பாடம் என்பது எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, வேத வியாக்கியானம், திருச்சபை வரலாறு, இறையியல், கூடவே இலக்கியம், தத்துவம், உயிரியல், புள்ளியியல். அதையெல்லாம் நான் திரும்ப ஒப்பிக்கப்போவதில்லை. என் சந்தோஷம், எரிச்சல் இரண்டுமே ஒரே இடத்தில் இருக்கிறது: புதிய ஏற்பாடு முதலில் எழுதப்பட்ட மொழியான கிரேக்கம்.

இரண்டு வருடம் படித்தோம். முதல் நாளே ஆசிரியர் ஆசை காட்டினார். புதிய ஏற்பாட்டில் மொத்தம் சுமார் 1,38,000 சொற்கள். வெவ்வேறு சொற்கள் என்று பார்த்தால் ஏறக்குறைய 5,400. அதிலும் ஐம்பது தடவைக்கு மேல் வருபவை முந்நூற்றுச் சொச்சம்தான். அந்த முந்நூறைப் படித்துவிட்டால் கிட்டத்தட்ட 80 சதவீதம் கையில் வந்துவிடும் என்றார். கணக்கு சரிதான். ஆனால் ஒரு வசனத்தைத் தூக்கி நிறுத்துகிற சொல் பெரும்பாலும் அந்த மிச்ச 20 சதவீதத்தில்தான் உட்கார்ந்திருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை.

வேற்றுமை உருபு வந்தபோது வகுப்பே தலையில் கை வைத்தது. நான் மட்டும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். 'ஐ, ஆல், கு, இன், அது, கண்' என்று பள்ளியில் நன்னூலை ஒப்பித்தவனுக்கு இதெல்லாம் பழகிய சங்கதி. அப்புறம் ஆங்கில 'the' மாதிரியான சுட்டிடைச்சொல் வந்தது. ஒரே ஒரு சின்னச் சொல்லுக்கு 24 வடிவம்! தமிழில் அப்படியொன்று கிடையவே கிடையாது. அன்றைக்கு மற்றவர்கள் சிரித்தார்கள்.

இனி நல்ல பகுதி. இரண்டாம் வருடம் ஒரு வீட்டுப்பாடம்: கடலில் புயலை அமர்த்திய சம்பவத்தை மத்தேயு 8, மாற்கு 4, லூக்கா 8 மூன்றிலும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஒத்துப்போவதை ஒரு வண்ணத்திலும் மாறுவதை இன்னொரு வண்ணத்திலும் கோடிட வேண்டும். சீடர்கள் இயேசுவை எழுப்புகிற இடத்தில் மூன்று பேரும் மூன்று விதமாகக் கூப்பிடுகிறார்கள். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் மாற்கு 'போதகரே', மத்தேயு 'ஆண்டவரே', லூக்கா 'ஐயரே, ஐயரே'. கிரேக்கத்திலும் மூன்றும் வெவ்வேறு சொற்கள்தான். ஆனால் அடுத்து அவர்கள் அலறுவது மூன்றிலும் ஒரே வினைச்சொல்: அப்பொல்லூமெதா. மடிந்துபோகிறோம்.

சிவப்புப் பென்சிலோடு தமிழ் பைபிளையும் திறந்து வைத்திருந்தேன். மாற்குவில் இப்படி இருந்தது: 'போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா.'

நாங்கள்! நாம் இல்லை. இயேசுவும் அதே படகில்தான் தூங்கிக்கொண்டிருக்கிறார். படகு கவிழ்ந்தால் எல்லாருக்கும் சேர்த்துத்தானே? கிரேக்கத்தில் 'நாம்', 'நாங்கள்' என்ற பிரிவே இல்லை, யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்று அது சொல்லாது. தமிழில் எழுத உட்கார்ந்தவர் ஏதாவது ஒன்றை எடுத்தே ஆக வேண்டும். 'நாங்கள்' என்று எழுதி அவர் இயேசுவைச் சாவுக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். இவர் சாகமாட்டார் என்ற பக்தியா? இல்லை, 'நாங்க சாகுறோம், நீர் பாட்டுக்குத் தூங்குறீர்' என்ற கோபமா? எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். 'உமக்குக் கவலையில்லையா' என்ற கேள்விக்கு அதுதான் பொருந்துகிறது. அன்றிரவு வீட்டுப்பாடத்தை அப்படியே போட்டுவிட்டு, பவுலின் நிருபங்களில் எங்கெல்லாம் 'நாம்', எங்கெல்லாம் 'நாங்கள்' என்று விடியும்வரை தேடினேன். சிறு வயதிலிருந்து கேட்ட புத்தகம், அதில் ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இந்த ஒரு இரவுக்காக மட்டும் கேட்டால், நாலு வருடமும் தகும் என்பேன்.

ஆனால் மூன்றாம் வருடம் கிரேக்கம் கிடையாது. பாடத்திட்டத்தில் அவ்வளவுதான், முடிந்தது. வாரம் ஒரு மணி நேரம், நாலு பேர், நாலு வசனம் என்று ஒரு ஏற்பாடு செய்திருந்தால் போதும். யாருக்கும் தோன்றவில்லை. நியாயமாகச் சொன்னால் எனக்கும்தான் தோன்றவில்லை. ஆறே மாதத்தில் வினைச்சொல் அட்டவணை மறந்தது. இன்றைக்கு யோவான் முதல் அதிகாரத்தைத் திறந்தால் பாதி மனப்பாடத்தில் ஓட்டிவிடுவேன். எபிரெயர் நிருபத்தைத் திறந்தால் முதல் வாக்கியத்திலேயே மாட்டிக்கொள்வேன். இரண்டு வருட உழைப்பு, இரண்டு வருடக் கட்டணம், நடுச்சாமம் வரை கண் விழிப்பு. நினைத்தால் வயிறு எரிகிறது.

மறந்தது முழுதாக மறந்திருந்தாலாவது நிம்மதி. பிரசங்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு மட்டும் மிச்சம் இருக்கிறது. 'கிரேக்கத்தில் பெலன் என்பதற்கு டுனாமிஸ், அதிலிருந்துதான் டைனமைட் வந்தது, ஆகவே சுவிசேஷம் ஒரு வெடி' என்று மேடையில் ஒருவர் முழங்குவார். சபை ஆமென் சொல்லும். நோபல் டைனமைட்டுக்குப் பெயர் வைத்தது 1867இல், பவுலுக்கு அது எப்படித் தெரியும் என்று நான் முணுமுணுப்பேன். மனைவி முழங்கையால் இடிப்பாள். வாரா வாரம் இதே கதை.

ஒருமுறை வேதபாட வகுப்பில் வாயை அடக்கவில்லை. 1 யோவான் 5:7இல் பரலோகத்திலே சாட்சியிடுகிற மூவரைப் பற்றிய வரி பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை, எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516இலும் 1519இலும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் பதிப்புகளில்கூட அது கிடையாது, 1522 பதிப்பில்தான் சேர்த்தார் என்று பெருமையாக எடுத்துவிட்டேன். முன்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா கேட்டார்: "ஏன் தம்பி, அப்போ நான் இத்தனை வருஷம் மனப்பாடமா சொன்னது?" என்னிடம் பதில் இல்லை. பரீட்சையில் இதே விஷயத்தைப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதி முழுசாக வாங்கியவன் நான். அதை ஒரு மனுஷியிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு அந்த நாலு வருடத்தில் ஒரு வகுப்புகூட இல்லை. பிரதிகளைப் பற்றிய பாடம் அருமை, சந்தேகமே இல்லை. ஆனால் கத்தியைக் கையில் கொடுத்துவிட்டு உறையைக் கொடுக்க மறந்துவிட்டார்கள்.

திருச்சபை வரலாறு பற்றியும் ஒரு வார்த்தை. 325 நிசேயா, 451 கல்செதோன் என்று பழைய திருச்சபைச் சங்கங்கள் வழியாக ஆற அமர நடந்தார்கள். லூத்தரின் 1517க்கு வாரக்கணக்கில் நேரம் இருந்தது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குக்கு ஒரே ஒரு வரி. 1714-15இல் அங்கே தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சானதற்கு அதுவும் இல்லை.

சரி, புள்ளியியல். கட்டாயப் பாடம் என்பதால் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தேன். இன்று எனக்குச் சம்பளம் வருவது அதனால்தான். அலுவலகத்தில் நாள் முழுக்க எண்களோடு வேலை. இறையியல் படித்தவன் என்பது அங்கே எப்போது நினைவுக்கு வரும் என்றால், யாராவது ஜெபம் செய்ய வேண்டும் என்கிறபோது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும்.

தம்பிக்குக் கடைசியில் அனுப்பிய பதில் இது: "இதை மட்டும் தனியா எடுக்காதே. வேற ஒண்ணோட சேர்த்து எடு. அதுவும் முடியாதுன்னா விட்டுடு, சொந்தமா வாசிச்சுக்கலாம்." இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படியா என்று கேட்டால், ஆமாம், அன்றைக்கு என் மனநிலை அப்படி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேறு.

அனுப்பிவிட்டுப் பரணில் இருந்த அட்டைப்பெட்டியை இறக்கினேன். கிரேக்கச் சொல் ஒரு பக்கம், பொருள் மறுபக்கம், என் பழைய கையெழுத்து. கலைத்துப்போட்டு இருபது அட்டை எடுத்தேன். ஏழுக்குப் பொருள் தெரிந்தது. அதில் ஒன்று 'காய்', 'மற்றும்' என்று அர்த்தம், பக்கத்துக்குப் பத்துத் தடவை வரும். அதைக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.