பேசர்ஸா, கிங்ஸா? தண்டையார்பேட்டைக் கடிகாரப்படி ஒரு என்.பி.ஏ. சீசன்

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் 30 அணிகள். அணிக்கு 82 ஆட்டம், மொத்தம் 1,230. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் மேய்ந்தால் ஒன்றும் மனதில் நிற்காது. ஒரே அணியைப் பிடித்துக்கொண்டு அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை கூடவே போனால்தான் சீசன் என்பது புரியும். பெஞ்சில் கிடந்த எட்டாவது ஆள் ஜனவரியில் திடீரென்று தேறுவதும், அடுத்தடுத்த நாள் ஆட்டத்தில் கால் கனத்துப்போய் ஷாட்டெல்லாம் வளையத்தின் முன்பக்கம் இடிப்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

எந்த அணி என்பதுதான் கேள்வி. லேக்கர்ஸ், வாரியர்ஸ் பக்கம் ஏற்கெனவே சாய்ந்தவர்களை நான் இழுக்கப்போவதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நான் முன்வைப்பது இரண்டு அணிகளை: இந்தியானா பேசர்ஸ், சாக்ரமென்டோ கிங்ஸ். 2019 அக்டோபரில் மும்பைக்கு வந்து ஆடிய அணிகள் இவை. இந்தியாவில் நடந்த முதல் என்.பி.ஏ. ஆட்டங்கள் அவைதான், சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள் என்றாலும் சூடாகவே இருந்தன. முதல் நாள் ஓவர்டைமில் 132-131, மறுநாள் 130-106. இரண்டிலும் ஜெயித்தது பேசர்ஸ். நான் எடுத்துக்கொண்டதும் பேசர்ஸைத்தான்.

மனசு இழுப்பது கிங்ஸ் பக்கம். அதை மறைக்க வேண்டியதில்லை. உரிமையாளர் விவேக் ரணதிவே மும்பையில் பிறந்தவர். என்.பி.ஏ.வில் ஆடிய முதல் இந்திய வம்சாவளி வீரர் சிம் புல்லர், 2015-இல் களமிறங்கியது கிங்ஸ் சட்டையில். 16 சீசன் பிளே-ஆஃப் (கோப்பைக்கான கடைசிக் கட்டச் சுற்று) பக்கமே போகாமல் கிடந்து, 2022-23-இல் 48 ஆட்டம் ஜெயித்து உள்ளே நுழைந்தார்கள். அந்த வருஷம் லீகிலேயே சிறந்த தாக்குதல் அவர்களுடையதுதான். ஜெயித்த இரவெல்லாம் அரங்கத்தின் மேலிருந்து வானத்துக்கு ஊதா ஒளிக்கற்றை பாயும். எங்கள் பக்கம் கோர்ட்டுக்கு வரும் பையன் ஒருவன் இன்னமும் "அண்ணா, கிங்ஸ்தானே நம்ம டீம்?" என்று கேட்பான். கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆட்டத்தின் தரத்தில் சமீபத்தில் பேசர்ஸ் கை ஓங்கியது. 2022 பிப்ரவரியில் இரண்டு அணிகளும் ஆள் மாற்றிக்கொண்டன: டோமன்டஸ் சபோனிஸ் கிங்ஸுக்குப் போனார், டைரீஸ் ஹாலிபர்ட்டன் பேசர்ஸுக்கு வந்தார். ஒரு வருஷம் கழித்துக் கிங்ஸ் பிளே-ஆஃபுக்குப் போனது, மூன்று வருஷம் கழித்துப் பேசர்ஸ் இறுதிச்சுற்றுக்கே போனது. இருவருக்கும் லாபம்தான். சரி, இதெல்லாம் வருஷத்துக்கு வருஷம் மாறும். மாறாமல் நிற்பது ஒன்றுதான்: கடிகாரம்.

நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அமெரிக்காவின் கிழக்குக் கரையைவிட நாம் பத்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். மேற்குக் கரையைவிட பதின்மூன்றரை. பேசர்ஸ் ஊர் கிழக்கு நேரத்தில், கிங்ஸ் ஊர் மேற்குக் கரை நேரத்தில் இருக்கிறது. பேசர்ஸ் சொந்த ஊர் ஆட்டம் பெரும்பாலும் இரவு 7 மணி. நமக்கு விடியற்காலை 5.30. கிங்ஸும் தன் ஊரில் பெரும்பாலும் 7 மணிக்குத்தான் ஆடும். நமக்கு அது காலை 8.30.

இந்த மூன்று மணி நேர வித்தியாசத்தில்தான் சீசனே அடங்கியிருக்கிறது. தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோ பிடித்து கிண்டியில் ஒன்பதரைக்கு வேலையில் இருக்க வேண்டும் என்றால், எட்டேகாலுக்காவது வீட்டை விட்டு இறங்க வேண்டும். பேசர்ஸ் ஆட்டம் ஏறக்குறைய எட்டு மணிக்கு முடிந்துவிடும். குழாயில் தண்ணீர் வரும் நாளில் முதல் குவார்ட்டரில் குடம் பிடித்து, இடைவேளையில் குளித்து, கடைசி குவார்ட்டரை இட்லித் தட்டோடு உட்கார்ந்து முழுசாகப் பார்க்கலாம். கிங்ஸ் ரசிகனுக்கோ, கிளம்பிய பிறகுதான் பந்தே மேலே போகும். வண்டியில் நின்றபடி போனில் பார்க்கலாமே என்பார்கள். பந்து போகும் இடம் மட்டும்தான் போனில் தெரியும். பந்து இல்லாத நான்கு பேர் எப்படி ஓடி இடம் பிடிக்கிறார்கள் என்பதுதான் கூடைப்பந்து. அதற்கு டிவி வேண்டும்.

வெளியூர் ஆட்டங்களையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். லீக் கிழக்கு, மேற்கு என்று இரண்டு பிரிவு, பேசர்ஸ் கிழக்கு. ஒவ்வொரு மேற்குப் பிரிவு அணியின் ஊருக்கும் பேசர்ஸ் சீசனில் ஒரே ஒரு தடவைதான் போகும். அதில் பசிபிக் (மேற்குக் கரை) நேரத்தில் இருப்பவை லேக்கர்ஸ், கிளிப்பர்ஸ், வாரியர்ஸ், கிங்ஸ், போர்ட்லண்ட். ஆக 82-இல் ஏறக்குறைய ஐந்து ஆட்டம்தான் நாம் வீட்டை விட்டுக் கிளம்பிய பிறகு தொடங்கும். கிங்ஸுக்குச் சொந்த ஊர் ஆட்டமே 41. லாஸ் ஏஞ்சல்ஸ், சான் பிரான்சிஸ்கோ பயணங்களையும் சேர்த்தால் பாதி சீசனுக்கு மேல் போய்விடும். கிழக்கே டூர் போகும் 15 ஆட்டம்தான் வேலைக்குப் போகும் கிங்ஸ் ரசிகனுக்கு நல்ல காலம். மற்றபடி ஞாயிற்றுக்கிழமை கைகொடுக்கும்: அங்கே சனி இரவு, இங்கே ஞாயிறு காலை.

சாயங்காலம் வந்து பதிவைப் பார்க்கலாம்தான். அதிலும் ஒரு வசதி உண்டு. வடசென்னையில் கால்பந்து, பாக்ஸிங், கேரம் பேச ஆள் இருக்கும், நேற்றைய என்.பி.ஏ. முடிவை டீக்கடையில் யாரும் போட்டு உடைக்க மாட்டார்கள். ஆனால் கையில் இருக்கும் போன் உடைத்துவிடும்.

பேசர்ஸ் பக்கம் கஷ்டம் இல்லாமல் இல்லை. அக்டோபரிலும், மார்ச் இரண்டாம் வாரத்துக்கு அப்புறமும் அதே 7 மணி ஆட்டம் நமக்கு 4.30-க்கு வரும். சில ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை 5 மணிக்கே ஆடுவார்கள். குளிர்காலத்தில் அது நமக்குத் திங்கள் 3.30. அந்த ஆட்டங்களை நான் விட்டுவிடுவேன். 82-ஐயும் பார்த்தே தீருவது என்று இறங்கினால் உடம்பு தாங்காது.

பிளே-ஆஃபில் பலன் தெரிந்தது. 2025-இல் 50 வெற்றியோடு கிழக்கில் நான்காவதாக வந்த அணி, மில்வாக்கி, கிளீவ்லண்ட், நியூயார்க் மூன்றையும் தாண்டியது. ஓக்லஹோமா சிட்டியோடு இறுதிச்சுற்று முதல் ஆட்டத்தில், முடிய 0.3 நொடி இருக்கும்போது ஹாலிபர்ட்டன் போட்ட பந்தில் 111-110. ஏழாவது ஆட்டம் நமக்கு ஜூன் 23, திங்கள், காலை 5.30. முதல் குவார்ட்டரிலேயே அவருக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது, கோப்பையும் போனது. அன்று மனசே சரியில்லை. ஆனாலும் எட்டு மாதம் கூடவே வந்த அணியின் கடைசி ஆட்டத்தைக் கடைசி விசில் வரை நேரலையில் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

கிங்ஸைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய ஆட்டத்தை முழுசாகப் பார்த்தது ஞாயிறுகளில்தான். பயிற்சியாளரும் நட்சத்திர வீரர் டி'ஆரன் ஃபாக்ஸும் போன பிறகு அணி எப்படிச் சேருகிறது என்று சொல்லும் அளவுக்கு நான் பார்க்கவில்லை. பேசர்ஸிலும் 2025-26 முழுக்க ஹாலிபர்ட்டன் ஆடமாட்டார் என்று அறிவித்தார்கள், முக்கிய வீரர் மைல்ஸ் டர்னர் 2025-இல் மில்வாக்கிக்குப் போனார். வெற்றி மட்டுமே வேண்டும் என்பவர்களுக்கு அது நல்ல நேரம் இல்லை. வெற்றிக்கும் கிழக்குக் கடிகாரத்துக்கும் சேர்த்து ஆசைப்பட்டவர்களுக்கு அப்போது நியூயார்க், கிளீவ்லண்ட் இருந்தன.

மணலி, எண்ணூர் பக்கம் இரண்டாம் ஷிப்டில் இருப்பவர்களுக்கு மட்டும் என் கணக்கு அப்படியே திரும்பும். ராத்திரி பதினொன்றரைக்கு வீடு வந்து படுப்பவரால் 5.30-க்கு எழ முடியாது. எட்டரைக்குக் காபியோடு உட்கார்ந்து பதினொன்றுக்கு முடித்துவிட்டு, சாப்பிட்டு ஷிப்டுக்குக் கிளம்பலாம். அவர்கள் யோசிக்காமல் கிங்ஸை எடுத்துக்கொள்ளலாம்.