மிப்ஸ் ஹெல்மெட்: சில வருடங்கள் போட்டு ஓட்டிய அனுபவம்

ஈ.சி.ஆரில் விடியற்காலை சைக்கிள் ஓட்டுகிறேன். சில வருடங்களாகத் தலையில் இருப்பது மிப்ஸ் உள்ள ஹெல்மெட். மிப்ஸ் என்பது சாய்வாக அடிபடும்போது தலை திருகுவதைக் குறைக்க உள்ளே வைக்கும் வழுக்கும் உறை. கவிழ்த்துப் பார்த்தால் தெர்மாகோலுக்கு உள்பக்கம் மெல்லிய மஞ்சள் பிளாஸ்டிக் உறை ஒன்று தெரியும். விரலால் தள்ளினால் எந்தப் பக்கமும் நகரும், விட்டால் பழைய இடத்துக்கு வந்துவிடும். மொத்தமே நகர்வது 10 முதல் 15 மில்லிமீட்டர்தான்.

இந்த யோசனை நம் தலைக்குள்ளிருந்தே வந்தது. மூளை ஒரு திரவத்தில் மிதப்பதால், அடிபடும்போது மண்டையோட்டுக்குள் கொஞ்சம் வழுக்க இடமிருக்கிறது. அந்த வழுக்கலை ஹெல்மெட்டுக்குள் கொண்டுவர 1990களில் ஸ்வீடனில் முயன்றவர்கள் நரம்பு அறுவை மருத்துவர் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்ட்டும் ஆராய்ச்சியாளர் பீட்டர் ஹால்டினும். 2007இல் முதலில் குதிரையேற்ற ஹெல்மெட்டில் வந்தது.

சைக்கிளிலிருந்து விழுபவர் பெரும்பாலும் சாய்ந்துதான் விழுவார். ஹெல்மெட் தார்ரோட்டில் உரசிப் பிடித்துக்கொள்ளும், தலை வெடுக்கென்று திரும்பும். மூளைத் திசுவைப் பிய்ப்பது அந்தத் திருகல்தான். சைக்கிள் ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரமான இ.என். 1078இன் சோதனை பல காலமாக நேர் இடியை மட்டுமே அளந்து வந்தது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

இதைப் போட்டு நான் விழுந்ததில்லை. அதனால் காப்பாற்றியது என்று சொல்ல மாட்டேன். தினசரிப் புழக்கத்தைச் சொல்கிறேன். எடை கூடியதாகத் தெரியவில்லை. உறை காற்றோட்டத் துளைகளைக் கொஞ்சம் மறைப்பதால் சித்திரை, வைகாசியில் உச்சந்தலை வேகும். வியர்வை உப்பு படிந்தால் கிறீச்சென்று சத்தம் வரும். ஷாம்பு கலந்த தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினால் போய்விடும். பெட்ரோல், தின்னர் பக்கமே போகக்கூடாது, தெர்மாகோல் கரைந்துவிடும். நெற்றிப் பஞ்சு முதலில் நைந்தது. மாற்றுப் பஞ்சு கிடைக்க அலைய வேண்டியிருந்தது, அதையும் விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

அப்புறம், இயற்கையைப் பார்த்துச் செய்தது என்றாலே நம்பிவிடவும் வேண்டாம். மரங்கொத்தியின் மண்டை அதிர்ச்சியை உறிஞ்சுகிறது என்று சொல்லி ஹெல்மெட்டுகள் வந்தன. 2022இல் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் படம்பிடித்து, அது உறிஞ்சுவதில்லை, சுத்தியல் போல விறைப்பாகத்தான் கொத்துகிறது என்று காட்டினார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் ஹெல்மெட்டுகளைச் சாய்வாக இடிக்கவைத்துச் சோதித்து நட்சத்திர மதிப்பீடு தருகிறது, பட்டியல் இலவசம். நான் அதைப் பார்த்துத்தான் அடுத்ததைத் தேர்ந்தெடுப்பேன். கடையில் பின்பக்க டயலை முறுக்கி, வாரைக் கட்டாமல் தலையைக் குனிந்து ஆட்டிப் பாருங்கள். கழன்று விழுந்தால் அந்த அளவு வேண்டாம், மிப்ஸ் இருந்தாலும் சரி.