மாடித்தோட்டக்காரர்கள் எங்கே கூடுவது? ட்விட்டர், ஃபேஸ்புக், வாட்ஸ்அப், மாஸ்டடான்

ஆடியில் விதைத்த கத்தரி, புரட்டாசியில் பூவெடுக்கும் நேரம். இலையைத் திருப்பிப் பார்த்தால் பஞ்சு ஒட்டியது போல மாவுப்பூச்சி. கைபேசியில் படம் எடுத்தாயிற்று. இதை எங்கே போட்டுக் கேட்பது?

இந்த ஒரு கேள்வியை வைத்தே இந்த இடங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பதில் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பது ஒரு கணக்கு. அடுத்த வருடம் இதே பூச்சி வேறொருவர் மாடிக்கு வரும்போது அந்தப் பதில் அவர் கைக்குக் கிடைக்குமா என்பது இன்னொரு கணக்கு. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். கேட்டதையும் சொன்னதையும் சேர்த்து வைத்துக்கொள்ளாத கூட்டம் ஒவ்வொரு விதைப்புப் பட்டத்திலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

முதலில் ட்விட்டர். 2006இல் வந்தபோது ஒரு கீச்சுக்கு, அதாவது ஒரு ட்வீட்டுக்கு, 140 எழுத்துதான். குறுஞ்செய்தியின் எல்லையான 160இல், பெயருக்கு 20 ஒதுக்கியது போக மீதி அது. தமிழில் எழுதியவர்களுக்கு அதிலும் குறைவாகத்தான் கிடைத்தது. ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து. கொக்கியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும் கணினிக்கு ஐந்து. அந்த இடத்துக்குள் வெண்பா எழுதியவர்களும் உண்டு, சமையல் குறிப்பு எழுதியவர்களும் உண்டு. 2017 நவம்பரில் எல்லை 280 ஆனது.

இந்தக் குறும்பதிவு உலகில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அதன் முக்கியமான கருவிகளை அங்கே புழங்கிய மக்களே உண்டாக்கிக்கொண்டார்கள் என்பது. ஒருவரைக் கூப்பிட @ போடுவது அவர்கள் வழக்கமாகத் தொடங்கியது. பிறர் எழுதியதைப் பரப்ப முன்னால் ‘ஆர்டி’ (ரீட்வீட்) என்று கையால் தட்டினார்கள்; அதற்கான பொத்தான் 2009இல்தான் வந்தது. ஒரே விஷயத்தைப் பேசுகிறவர்களைச் சேர்க்க # குறியைப் போடலாமே என்று 2007 ஆகஸ்டில் யோசனை சொன்ன கிறிஸ் மெசினாவும் ஒரு பயனர்தான். தெருக்காரர்களே சேர்ந்து போட்ட திண்ணை மாதிரி அது.

அந்தத் திண்ணை எதற்கு உதவும் என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை பார்த்தது. முடிச்சூரிலும் கோட்டூர்புரத்திலும் தண்ணீர் ஏறிய நாட்களில், படகு எங்கே வேண்டும், சாப்பாடு எங்கே இருக்கிறது, எந்த வீட்டில் தங்க இடம் உண்டு என்பதெல்லாம் # போட்ட குறிச்சொல்லோடு ஓடின. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்தவர்கள் அவற்றைத் திரட்டி, சரிபார்த்து, பொது விரிதாளில் ஏற்றினார்கள். அதே நாட்களில் ஃபேஸ்புக், ‘நான் பத்திரமாக இருக்கிறேன்’ என்று ஒரே தட்டில் சொல்லும் வசதியைச் சென்னைக்குத் திறந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. தெரிந்தவர்களுக்குச் செய்தி சொல்ல ஃபேஸ்புக்; யாரென்றே தெரியாத ஒருவர் படகோடு வர ட்விட்டர். நட்பு வேண்டுகோள் எதுவும் இல்லாமல் யாரும் யாரையும் பின்தொடரலாம் என்ற அமைப்புதான் காரணம்.

ஆனால் தோட்டம் வெள்ளம் போல அவசரமான காரியம் அல்ல. மாவுப்பூச்சிப் படத்தைப் போட்டால் பத்து நிமிடத்தில் ‘வேப்பெண்ணெய் அடிங்க’ என்று இரண்டு மூன்று பேர் சொல்லிவிடுவார்கள். மாலைக்குள் அது கிரிக்கெட்டுக்கும் அரசியலுக்கும் அடியில் போய்விடும். தேடினால் கிடைக்கலாம், ஆனால் தேடுகிறவருக்கு என்ன சொல் போட்டுத் தேடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். 2023இல் எக்ஸ் என்று பெயர் மாறிய பிறகு இன்னொரு சிக்கல்: கணக்கு இல்லாத ஒருவர் ஒரு பதிவின் கீழ் நடந்த உரையாடலைப் படிக்க முடிவதில்லை. வழிப்போக்கரும் உட்கார்ந்து கேட்கலாம் என்பதுதான் அந்தத் திண்ணையின் அழகு. அது குறைந்தது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

ஃபேஸ்புக் குழுவில் அதே படத்தைப் போட்டால் கதை வேறு. முதல் பதில் வர அரை நாள் ஆகலாம். ஆனால் வருவது பெரும்பாலும் எதிர்க்கேள்வியாக இருக்கும்: ‘எத்தனை மணி நேரம் வெயில் படுகிறது? தண்டில் எறும்பு ஏறுகிறதா, பார்த்தீர்களா அக்கா?’ இந்தக் கேள்விதான் விஷயம். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் அதைப் பாதுகாக்கும். எறும்பை நிறுத்தாமல் மருந்து மட்டும் அடித்தால் பூச்சி திரும்ப வரும். அப்புறம்தான் அளவு வரும்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளிக்க வேண்டும். இன்னொருவர் தன் வீட்டுச் செடியின் படத்தைக் கீழே போடுவார். ஒரு வாரம் கழித்து, கேட்டவரே வந்து ‘போய்விட்டது’ என்று எழுதுவார்.

இப்படி நாலு பட்டம் ஒரே குழுவில் இருந்தால் யார் சொல்வது கையை அழுக்காக்கிச் சொல்வது, யார் சொல்வது எங்கோ படித்ததைச் சொல்வது என்று தெரிந்துவிடும். சமூகம் என்று நான் சொல்வது இதைத்தான். லைக்கு எண்ணிக்கையில் அது தெரியாது.

குறையும் இல்லாமல் இல்லை. யாருடைய திரையில் எந்தப் பதிவை எப்போது காட்டுவது என்பதை ஃபேஸ்புக்கின் கணினி நிரல்தான் முடிவு செய்கிறது. திங்கட்கிழமை கேட்ட கேள்வி வியாழக்கிழமை கண்ணில் படும். குழுவின் உயிர் அட்மின் கையில் இருக்கிறது. அவர் சலித்துப்போனால் உரம் விற்கிறவர்கள் வந்து நிரப்பிவிடுவார்கள்.

வாட்ஸ்அப்புக்கு வருவோம். விதை கைமாறும் இடம் இதுதான். ‘மூக்குத்தி அவரை இருக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் பூங்கா வாசலில் தருகிறேன்’ என்று ஒருவர் எழுதினால் காரியம் முடிந்தது. 2022இல் குழுவின் எல்லை 1,024 பேராக உயர்ந்தது. என் அனுபவத்தில் அதன் பலம் முப்பது நாற்பது பேரில்தான், அதுவும் ஒரே பகுதிக்காரர்களாக இருந்தால். கூட்டம் பெருகப் பெருக காலை வணக்கமும் ஃபார்வர்டும் பெருகும். 2018இல் வதந்தியால் உயிர்கள் போன பிறகு, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது நினைவிருக்கலாம். குழுவில் சேர்ந்தால் தொலைபேசி எண் எல்லோருக்கும் தெரியும். மாடித்தோட்டம் போடுகிறவர்களில் பெண்கள் நிறையப் பேர். பலர் இதனாலேயே தயங்குவது நியாயம்தான். அதைவிட, இங்கே பழைய பேச்சைத் தேடி எடுப்பது பெரும்பாடு. மாவுப்பூச்சிக் கேள்வி மாதா மாதம் வரும், மாதா மாதம் அதே பதிலை யாரோ பொறுமையாகத் தட்டுவார்கள்.

டெலிகிராமில் இந்தத் தொல்லை குறைவு. புதிதாகச் சேர்ந்தவர் பழைய உரையாடலைப் படிக்கலாம், எண்ணை மறைக்கலாம், இரண்டு லட்சம் பேர் வரை சேரலாம். ஆனால் நம் அம்மாக்களும் சித்திமாரும் அங்கே இல்லை. அவர்கள் இல்லாமல் நாட்டு விதை பற்றி என்ன பேசுவது?

மாஸ்டடான் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. 2016இல் ஒய்கன் ரோச்கோ என்ற நிரலாளர் தொடங்கிய குறும்பதிவுத் தளம் அது. ஒரே நிறுவனத்தின் சொத்தாக இல்லாமல், பல சேவையகங்கள் (சர்வர்கள்) ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் அமைப்பு. பொதுவாக 500 எழுத்து. எழுதிய வரிசையிலேயே பதிவுகள் வரும். ஆளைப் போலவே #ஆடிப்பட்டம் என்ற குறிச்சொல்லையும் பின்தொடரலாம். தோட்டக்காரர்களுக்கென்றே ஒரு சேவையகம் வைத்து நமக்கான விதிகளை நாமே எழுதலாம். ஆனால் அதற்கு மாதா மாதம் பணமும் ராத்திரி விழித்துப் பார்க்க ஓர் ஆளும் வேண்டும். வேறு சேவையகத்துக்கு மாறினால் பின்தொடர்கிறவர்கள் கூட வருவார்கள், பழைய பதிவுகள் வராது. சேர்த்து வைப்பதையே பெரிதாக நினைக்கும் எனக்கு அது இடிக்கிறது. புளூஸ்கை, திரெட்ஸ் என்ற மற்ற இரண்டு குறும்பதிவுத் தளங்களிலும் தமிழ்த் தோட்டப் பேச்சு இன்னும் எனக்குப் போதுமான அளவு தென்படவில்லை.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஃபேஸ்புக் குழு. அதிலிருந்து பகுதிவாரியாகச் சின்ன வாட்ஸ்அப் குழுக்கள், விதை கைமாற மட்டும். குறும்பதிவை விட்டுவிட வேண்டாம். இன்னும் நம்மைத் தெரியாதவர்கள் நம்மைக் கண்டுபிடிக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆடிப்பட்டம், தைப்பட்டம் தொடங்கும் வாரங்களில் குறிச்சொல்லோடு படங்கள் போட்டாலே போதும்.

நான் இதோடு இன்னொரு வேலையும் செய்கிறேன். மார்கழியில், குழுவில் வந்த நல்ல பதில்களை, சொன்னவர்களிடம் கேட்டுவிட்டு, எல்லோரும் திறந்து படிக்கக்கூடிய ஓர் ஆவணத்தில் செடிவாரியாகத் தொகுக்கிறேன். கத்தரிப் பகுதியில் எறும்பைப் பற்றிய அந்தக் கேள்வியை முதலில் வைத்திருக்கிறேன். வேப்பெண்ணெய் அளவு அதற்கடுத்து வருகிறது.