ட்யூன் பட்டன்: நான்கு வழிகளில் எது தேறும்?

ஹாம் ரேடியோவில் 40 மீட்டர் அலைவரிசையிலிருந்து 20 மீட்டருக்குத் தாவியதும், ஆன்டெனாவை ரேடியோவோடு பொருத்தும் வெளி ட்யூனருக்குச் சில விநாடி நிலையான கேரியர் (பேச்சு ஏற்றாத வெறும் அலை) தேவை. எஸ்.எஸ்.பி. என்ற குரல் மோடில், பி.டி.டி.யை (பேசும்போது அழுத்தும் பட்டன்) வெறுமனே அழுத்தினால் அது வராது. பேச்சில்லாவிட்டால் சிக்னலும் இல்லை, ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர் முள் படுத்தே கிடக்கும். இதற்காகத்தான் தனியாக ஒரு பட்டன்.

பட்டன் இல்லாமலும் செய்யலாம். பவரை 100 வாட்டிலிருந்து 10க்கு இறக்கி, பேசாமலே கேரியர் தரும் ஆர்.டி.டி.ஒய். (ரேடியோ டெலிடைப்) மோடுக்கு மாற்றி, ட்யூன் ஆனதும் இரண்டையும் பழையபடி வைக்க வேண்டும். செலவே இல்லை. ஆனால் அவசரத்தில் பவரை இறக்க மறந்தால், 100 வாட் ஓடும்போதே ட்யூனரின் ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) மாறும். பொறி பறந்து அவற்றின் முனைகள் கருகும். நினைவை நம்பும் வழி எனக்குப் பிடிக்கவில்லை.

மைக்கில் 1 கிலோஹெர்ட்ஸ் டோன் கொடுப்பது இரண்டாவது வழி. மோடைத் தொடவே வேண்டாம், அது நல்லது. ஆனால் பவர், மைக் கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) பொறுத்து ஏறி இறங்கும். டோன் சுத்தமான சைன் அலையாக இல்லாவிட்டால் பக்கத்தில் தேவையில்லாத சிக்னல்களும் கிளம்பும்.

எனக்கு மிகவும் பிடித்தது ட்யூனர் சாக்கெட் வழி. பல ஐகாம் ரேடியோக்களின் பின்புறம் 4 முனை சாக்கெட் இருக்கும்: 13.8 வோல்ட், கிரவுண்ட், ஸ்டார்ட், கீ. ஏ.ஹெச்-4 ட்யூனருக்காக வைத்தது. பல மாடல்களில் கீ முனையைக் கிரவுண்டோடு சேர்த்தால் போதும், எந்த மோடில் இருந்தாலும் ரேடியோ தானே சுமார் 10 வாட் கேரியர் கொடுக்கும். விரலை எடுத்ததும் பழைய மோடுக்கும் பவருக்கும் வந்துவிடும். ஒரு புஷ் பட்டன், ஒரு பிளக், ஆர்.எஃப். (ரேடியோ அலை) புகாமல் இருக்கப் பட்டனுக்குக் குறுக்கே 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், அவ்வளவுதான். 13.8 வோல்ட் முனைக்கு மட்டும் வயர் போடாதீர்கள். அது பெட்டியில் பட்டால் ஷார்ட். சால்டர் வைப்பதற்கு முன் உங்கள் மாடலின் கையேட்டில் முனை வரிசையை ஒருமுறை பாருங்கள்.

சரி, சாக்கெட் இல்லாத ரேடியோவுக்கு? கேட் போர்ட் (வெளியிலிருந்து கட்டளை அனுப்பி ரேடியோவை இயக்கும் இணைப்பு) இருந்தால் ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போதும். இப்போதைய மோடையும் பவரையும் முதலில் படித்து வைத்துக்கொண்டு, மாற்றி, ட்யூன் முடிந்ததும் திருப்பி எழுதும். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டும், ஒரு மாலை போய்விடும். அப்புறம், டிரான்ஸ்மிட்டைக் கேட் கட்டளையில் தொடங்காமல், ஒரு டிரான்சிஸ்டர் வழியாக பி.டி.டி. வயரில் தொடங்குங்கள். கேட் கேபிள் நடுவில் கழன்றால் 'நிறுத்து' என்ற கட்டளை ரேடியோவுக்குப் போகாது, பி.டி.டி. வயர் கழன்றாலோ டிரான்ஸ்மிட் உடனே ஓய்ந்துவிடும்.