15ஆம் இடத்துக்குக் கட்டிய சந்தா: 2024-25 பருவத்தின் கட்டண ஒளிபரப்பு பற்றி ஒரு மதிப்புரை

இங்கிலிஷ் பிரிமியர் லீக் காற்பந்து ஆட்டங்களுக்கான கட்டண ஒளிபரப்பை மதிப்பிடும்போது, படத்தின் தெளிவையும் மாதக் கட்டணத்தையும் மட்டும் பேசினால் போதாது. சிங்கப்பூரில் நம்மில் பலர் ஒரே ஓர் அணிக்காகத்தான் இந்தச் சந்தாவைக் கட்டுகிறோம். என் அணி மான்செஸ்டர் யுனைடெட். அது 2024-25 பருவத்தில் 38 ஆட்டங்களில் 18இல் தோற்று, 44 கோல்களை மட்டுமே புகுத்தி, 42 புள்ளிகளுடன் 20 அணிகளில் 15ஆம் இடத்தில் முடித்தது. 1973-74இல் இரண்டாம் நிலைக்கு இறக்கப்பட்ட பிறகு அதற்கு இவ்வளவு தாழ்ந்த இடம் வாய்த்ததில்லை. அதே வீட்டில், அதே தொலைக்காட்சியில், அதே சந்தாவில் லிவர்பூலைப் பார்த்த என் அண்ணனுக்கோ லீக் கிண்ணம் கிடைத்தது. ஆகவே இந்த மதிப்புரையை அவர் எழுதியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும்.

நேரலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. படம் தெளிவாக வந்தது, பெரிய ஆட்டங்களின்போதும் தடைபடவில்லை. சந்தாவில் காசுக்கு உண்மையிலேயே மதிப்புள்ள பகுதி எதுவென்று கேட்டால், முழு ஆட்டத்தையும் மறுநாள் பார்க்க உதவும் மறு ஒளிபரப்பைத்தான் சொல்வேன். சில நிமிட ஆட்டச் சுருக்கம் கோல்களைக் காட்டுமே தவிர, ஓர் அணி ஏன் தோற்றுக்கொண்டே இருக்கிறது என்பதைக் காட்டாது. ஜனவரியில் சௌத்ஹேம்டனுக்கு எதிரான ஆட்டத்தின் சுருக்கத்தை மட்டும் பார்த்தவர்கள், 82ஆம் நிமிடம் தொடங்கி யுனைடெட்டின் அமாட் டியாலோ அடித்த மூன்று கோல்களைக் கண்டு மகிழ்ந்திருப்பார்கள். முழு ஆட்டத்தையும் பார்த்தவர்களுக்குத்தான், பட்டியலின் அடியில் கிடந்த அணியிடம் சொந்தத் திடலிலேயே யுனைடெட் அதுவரை பின்தங்கியிருந்தது எவ்வளவு பெரிய எச்சரிக்கை என்பது புரிந்திருக்கும்.

அந்த மறு ஒளிபரப்புகளைத் தொடர்ந்து பார்த்ததில் எனக்குத் தெளிவானது ஒன்றுதான்: இந்தப் பருவத்தைக் கெடுத்தது ஆட்டக்காரர்களின் சோம்பலன்று, நிர்வாகம் முடிவெடுத்த வரிசை. 2024 மே மாதம் எஃப்ஏ கிண்ணத்தை வென்ற பயிற்றுநர் எரிக் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தைக் கோடையில் 2026 வரை நீட்டித்தார்கள். அவரிடம் முன்பு நெதர்லாந்தின் அயாக்ஸ் அணியில் ஆடிய டி லிக்ட், மஸ்ராவி ஆகியோரை வாங்கிக் கொடுத்தார்கள். ஒன்பது லீக் ஆட்டங்கள் முடிந்து அணி 14ஆம் இடத்தில் இருந்தபோது, அக்டோபர் 28ஆம் தேதி அவரையே நீக்கினார்கள். அவருக்குப் பின் வந்த ரூபன் அமோரிம், மூன்று தற்காப்பு ஆட்டக்காரர்களையும் இரு ஓரங்களிலும் ஓயாமல் ஏறி இறங்கும் இருவரையும் நம்பி ஆடுபவர். அந்த இடங்களுக்கு ஏற்றவர்கள் அணியில் இல்லை. இடப்பக்கத்துக்கென இத்தாலியின் லெச்சே அணியிலிருந்து பேட்ரிக் டோர்கு வந்து சேர்வதற்குள் பாதிப் பருவம் போய்விட்டது. நடுத்திடலில் இருவரே நிற்க, எதிரணி மூவரை நிறுத்தியபோதெல்லாம் பந்து கைமாறியதையும், திரும்பி ஓட ஆளில்லாமல் போனதையும் அகன்ற கோணத்தில் காட்டும் படம் ஒளிவுமறைவின்றிக் காட்டியது. அமோரிமின் கீழ் ஆடிய 27 லீக் ஆட்டங்களில் 27 புள்ளிகள்தாம் சேர்ந்தன. அவர் தம் முறையைச் சற்றே வளைத்திருக்கலாம் என்பது என் கருத்து. ஆனாலும் தையலுக்கு முன்பே துணியை வேறு அளவில் வெட்டிவைத்தவர்களுக்குத்தான் பெரும்பங்கு பழி சேரும்.

முன்வரிசையின் நிலை இன்னும் பரிதாபம். ஹொய்லுண்டும் ஸிர்க்ஸியும் சேர்ந்து லீக்கில் ஏழு கோல்களையே அடித்தார்கள். அணித்தலைவர் புருனோ பெர்னாண்டஸ் இல்லாதிருந்தால் அணி இன்னும் எங்கே போயிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கவே மனம் வரவில்லை.

ஐரோப்பிய ஆட்டங்களுக்காக நான் கட்டிய கூடுதல் தொகுப்பு வேறு கதை. ஐரோப்பியக் குழுக்களுக்கான இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கில் இறுதியாட்டம் வரை யுனைடெட் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. பிரான்சின் லியோனுக்கு எதிரான காலிறுதியின் இரண்டாம் ஆட்டம் நமக்குப் புனித வெள்ளி விடுமுறையன்று அதிகாலை 3 மணிக்குத் தொடங்கியது. கூடுதல் நேரத்தில் 2-4 எனப் பின்தங்கிய அணி, கடைசி நிமிடங்களில் மூன்று கோல்கள் அடித்து 5-4 என வென்றது. தற்காப்பு ஆட்டக்காரரான மெகுவாயரை முன்னே அனுப்பி, அவர் தலையால் முட்டிய பந்தில்தான் வெற்றி கோல் விழுந்தது. அந்த ஓர் ஆட்டமே தொகுப்பின் விலைக்கு ஈடு என்று தோன்றியது. மே 22ஆம் தேதி அதிகாலையில் நம் நேரப்படி நடந்த இறுதியாட்டம் அந்த எண்ணத்தைக் கலைத்தது. அரையிறுதியில் 3-0 என வென்ற அதே ஸ்பெயின் நாட்டுப் பில்பாவ் திடலில், லீக்கில் 17ஆம் இடத்தில் முடித்த டோட்டன்ஹம்மிடம் 0-1 எனத் தோற்றார்கள். முழு ஆட்டத்தையும் எதிரணியின் கோல் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தே கழித்த அணி, லீக் முழுவதும் காட்டிய அதே வறட்சியை அன்றும் காட்டியது.

அந்தத் தோல்வியால் 2025-26இல் யுனைடெட்டுக்கு ஐரோப்பிய ஆட்டங்களே இல்லாமல் போயின. ஆதலால் இந்த ஒரே அணிக்காகச் சந்தா கட்டியவர்களுக்கு அந்தப் பருவத்தில் கூடுதல் தொகுப்பு தேவைப்படவில்லை, நானும் அதை நிறுத்திவிட்டேன். லீக் தொகுப்பைப் புதுப்பிப்பதாக இருந்தால், முழு மறு ஒளிபரப்பு எத்தனை நாள்கள் கிடைக்கும், ஒப்பந்தக் காலத்தின் நடுவில் விலக அபராதம் உண்டா என்ற இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்திடுங்கள்.