பீட்டர் கிரைம்ஸ்: பியர்ஸா, விக்கர்ஸா?

ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 'பீட்டர் கிரைம்ஸ்' என்ற ஓப்பராவின் (பாட்டாகவே நடக்கும் மேடை நாடகத்தின்) நாயகன் வேடத்தைப் பாடகர் பீட்டர் பியர்ஸின் குரலுக்கென்றே எழுதினார். 1945 ஜூன் 7 அன்று லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் பியர்ஸ் அதைப் பாடினார். கனடாவின் ஜான் விக்கர்ஸ் 1967இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓப்பரா அரங்கில் அதே வேடம் ஏற்றார்.

முதல் அங்கத்தின் மதுக்கடைக் காட்சியில், சப்தரிஷி மண்டலத்தையும் கார்த்திகையையும் பாடும் இடம்தான் உரைகல். ஒரே சுரம், மேற்கத்திய இசையில் நடு 'ஸி'க்கு (middle C) மேலுள்ள 'ஈ' (E), திரும்பத் திரும்ப வருகிறது. டெனர் எனும் ஆண்களின் உயர்குரல், கீழ்நிலையிலிருந்து மேல்நிலைக்கு மாறும் விளிம்பு அது: அழுத்தினால் கத்தலாகும், தளர்த்தினால் சுருதி இறங்கும். பியர்ஸுக்கோ அதுவே மிகச் சிறந்த சுரம், சிரமமே தெரியாது. ஓத்தெல்லோ, டிரிஸ்டன் போன்ற கனமான ஓப்பரா வேடங்களைப் பாடிய குரல் விக்கர்ஸுடையது. அவர் அதை அரைக்குரலுக்கு ஒடுக்கி, பிறகு வெடிக்கிறார்.

விமர்சகர்கள் பியர்ஸிடம் கனவு காண்பவனைப் பாராட்டினார்கள். விக்கர்ஸிடம் அடிபட்ட முரடனை. விக்கர்ஸ் சொற்களை மாற்றியது பிரிட்டனுக்குப் பிடிக்கவில்லை. அந்த வருத்தம் நியாயமானதே. ஆனாலும் வாத்தியக்குழு அடங்கி, திரைக்குப் பின்னிருந்து கோரஸும் (சேர்ந்திசைக் குழுவும்) மூடுபனிச் சங்கொலியும் மட்டும் கேட்கும் கடைசிப் பித்துக் காட்சியில், மேடை நடிப்புக்கு என் தேர்வு விக்கர்ஸ்தான். லண்டன் காவென்ட் கார்டன் ஓப்பரா அரங்கில் அவர் நடித்த 1981 ஒளிப்பதிவைப் பாருங்கள். எழுதியபடியே கேட்க, பியர்ஸ் பாட, பிரிட்டனே நடத்திய, டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தின் 1958 ஒலிப்பதிவு.