பருத்தி சாக்ஸா, கம்பளி சாக்ஸா?

குளிர்காலத்தில் வேலை பூட்ஸுக்குள் கால் சில்லிட்டுப் போவதற்கு வெளிக்குளிர் மட்டும் காரணமில்லை, நம் வியர்வையும்தான். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் நன்றாகச் சூட்டைக் கடத்தும்; அதனால் சாக்ஸ் ஈரமானால் காலின் சூடு சீக்கிரம் வெளியேறிவிடும்.

பருத்தி சாக்ஸ் போடும்போது சுகமாகத்தான் இருக்கும், துவைப்பதும் எளிது. ஆனால் வியர்வையைக் குடித்துவிட்டு அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். மதியம் கழற்றினால் விரல்கள் தண்ணீரில் ஊறியதுபோல வெளுத்துச் சுருங்கியிருக்கும். சரி, இரண்டு ஜோடி போடலாமே என்றால் இன்னும் மோசம்: பூட்ஸ் இறுகி, ரத்த ஓட்டம் குறைந்து, கால் கூடுதலாகக் குளிரும்.

கம்பளி, குறிப்பாக மெரினோ (ஒரு வகைச் செம்மறி ஆட்டின் மெல்லிய கம்பளி), தன் எடையில் சுமார் 30 சதவீதம் ஈரத்தை இழைக்குள் இழுத்துக்கொண்டாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. நனைந்தாலும் ஓரளவு சூடு நிற்கும், நாற்றமும் குறைவு. விலைதான் உறுத்தும். குதிகாலில் சீக்கிரம் தேயும் என்பதால் கொஞ்சம் நைலான் கலந்ததை வாங்குவது நல்லது.

அதிகம் வியர்க்கும் காலுக்கு என் ஓட்டு கம்பளிக்குத்தான். அப்புறம், எந்த சாக்ஸானாலும் மதியம் ஒரு ஜோடி மாற்றிவிடுங்கள். இரவில் பூட்ஸின் உள் அட்டையை உருவிக் காய வையுங்கள். அவசரப்பட்டு பூட்ஸை அடுப்புப் பக்கம் வைத்தால் அதன் தோல் வெடித்துவிடும்.